மலைக் குதிரும் நமது கடைச் சாமையும்

சாமை அரிசிக்கு வந்த வாழ்வை மளிகைக் கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கேட்பாரற்று மூலையில் கிடந்த சரக்கு. 2023ஆம் ஆண்டு சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு அரைக் கிலோ பாக்கெட்டில் முன் வரிசைக்கு வந்துவிட்டது. ஆனால் ஜவ்வாது மலையில் அந்தச் சாமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த கிடங்கைப் பற்றி நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

குதிர் என்பார்கள், தொம்பை என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். மூங்கில் பிளாச்சுகளைப் பெரிய கூடை போலப் பின்னி, உள்ளும் புறமும் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, தரையில் படாமல் கற்களின் மேல் நிறுத்தி, தலையில் புல் கூரை வேய்ந்துவிடுவார்கள். கல்லின் மேல் நிற்பதால் மழை ஈரம் ஏறாது, எலிக்கும் சுலபமில்லை. மண் பூச்சு வெயிலின் சூட்டை உள்ளே விடாது. சிமெண்டு இல்லை, இரும்பு இல்லை, மருந்து உருண்டை இல்லை. வேப்பிலையும் நொச்சித் தழையும்தான் பூச்சி மருந்து.

இதில் சாமைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உமியோடு நன்றாகக் காய வைத்து மூடினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தீட்டி அரிசியாக்கிவிட்டாலோ சில மாதங்களில் காறல் வாடை அடிக்கும், வண்டு விழும். நமது கடையில் திரும்பி வரும் பாக்கெட்டுகளுக்குப் பாதிக் காரணம் இதுதான். மலைவாசிகள் வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக் குத்திக்கொண்டார்கள். பஞ்ச காலத்துக்குச் சாப்பாடும் அடுத்த ஆடிக்கு விதையும் அதே குதிரில்தான் இருந்தன. நமது பாஷையில் சொன்னால் கையிருப்பும் அதுதான், வைப்பு நிதியும் அதுதான்.

இன்று ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் இத்தகைய குதிர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கூரை வீடுகள் போய்க் காங்கிரீட் வீடுகள் வந்தன. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மழையில் ஒழுகும் வீட்டில் நாம் குடியிருக்கவில்லை. பின்னத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அது நமது தொழிலைச் சேர்ந்தது. முன்பணம் கொடுத்து, களத்திலேயே மொத்தத்தையும் சாக்கில் பிடித்து, அன்றைக்கே போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ திருப்பத்தூருக்கோ இறக்கிவிடும் கொள்முதல் முறை வந்த பிறகு, குதிரில் கொட்டுவதற்கு என்ன மிச்சம்? காலியான குதிருக்கு ஆண்டுதோறும் யார் மண் பூசுவார்கள்? பூசாமல் விட்டால் இரண்டு மழையில் சாய்ந்துவிடும்.

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல் கட்டடம், 36 அடி உயரம், 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, சந்தோஷம். அரசரின் களஞ்சியத்துக்கு அறிவிப்புப் பலகை உண்டு. சாமை விதையை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்த ஏழையின் களஞ்சியத்துக்கு ஒரு பலகையும் கிடையாது. பலகை வைத்தாலும் பயன் குறைவுதான் என்பது என் கருத்து. மண் குதிர் காட்சிப் பொருளாக நிலைக்காது. உள்ளே தானியம் இருந்தால்தான் அதற்கு ஆயுள்.

ஆகவே நமது சங்கத்தார் யோசிக்க ஒன்று சொல்கிறேன். அறுவடையில் மொத்தத்தையும் தூக்காமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுப்போம். மீதியை உமியோடு அவர்கள் குதிரிலேயே இருக்கவிட்டு, தையிலும் சித்திரையிலும் அன்றைய மார்க்கெட் விலைக்கு வாங்குவோம். காத்து வைத்ததற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கிடங்கு வாடகையும் சேர்த்துக் கொடுப்போம். டவுனில் கிடங்குக்கு வாடகை கொடுக்காமலா இருக்கிறோம்? புதுச் சரக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும். நமது முதலும் ஒரே மாதத்தில் முடங்காது.

சந்தேகம் கேட்பவர்கள் உண்டு. “மீதியை வேறு வியாபாரிக்கு விற்றுவிட்டால்?” என்பார்கள். சிலர் விற்கத்தான் செய்வார்கள். நல்ல விலை கிடைத்தால் நாமும் அதைத்தானே செய்வோம்! அதற்காகத்தான் வாடகையில் பாதியை முன்னதாகவும் பாதியைச் சரக்கு எடுக்கும்போதும் தரலாம் என்கிறேன். முதலில் ஒரே ஒரு கிராமத்தில், பத்துக் குதிரோடு தொடங்கிப் பார்க்கலாம். மூங்கில் வெட்ட வனத்துறையிடம் கேட்க வேண்டியிருக்கும்; அந்த மனுவைச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தால் மலைவாசிகளுக்கு அலைச்சல் குறையும். ஐப்பசி அறுவடைக்குள் குதிர் காய்ந்திருக்க வேண்டுமானால், பின்னுகிற வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே முடித்துவிட வேண்டும்.