வயசு போனால் அப்படித்தானா?

எங்கட வீடுகளில் எல்லா வருத்தத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆச்சிக்கு முழங்கால் நோகுதோ, காது கேட்கேல்லையோ, கண் தெரியேல்லையோ, "வயசு போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாங்கள் போனைப் பார்க்கப் போய்விடுவோம். கண் விஷயத்திலாவது இந்தப் பதிலை நிறுத்தவேண்டும்.

ஏனென்றால், வயதானவர்களின் பார்வை மங்குவதற்கு முக்கிய காரணம் வெண்புரை, ஊரில சொல்கிற கட்டராக். இது சத்திரசிகிச்சையால் சரிசெய்யக்கூடிய ஒன்று. "படலம் மூடிட்டுது" என்று சொல்லிச் சொல்லியே, கண்ணுக்கு மேலே ஏதோ தோல் வளர்ந்திருப்பதாக நினைத்து வைத்திருக்கிறோம். உண்மையில் கருமணிக்குப் பின்னால் இருக்கிற வில்லைதான் கலங்குகிறது. முட்டை அவியும்போது வெள்ளைக்கரு வெளிறுவதுபோல, வில்லையில் உள்ள புரதங்கள் மாறித் திரள்கின்றன. அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க ஏலாதுதானே? அதனால்தான் தேனோ, எண்ணெயோ, கடையில் வாங்கும் சொட்டு மருந்தோ இதைக் கரைப்பதில்லை. நீரிழிவு, புகைத்தல், நெடுநாள் ஸ்டீரொயிட் மருந்து, கண்ணில் பட்ட அடி எல்லாம் இதை முந்தியே கொண்டுவரும்.

மெல்ல மெல்ல வருவதால் வருத்தக்காரருக்கே தெரியாது. இரவில் வாகன லைட் சிதறித் தெரியும், நிறங்கள் மஞ்சளடிக்கும், கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். "இந்த வயசிலயும் கண்ணாடி இல்லாமப் பேப்பர் வாசிக்கிறன்" என்று பெருமைப்படுகிற தாத்தாமாரும் இருக்கிறார்கள். வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கொஞ்சக் காலம் திரும்புவதுண்டு. அதுகூட வெண்புரையின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒப்பரேசன் என்றதும் அவர்கள் பயப்படுவதை நாங்கள் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிக்கக்கூடாது. அவர்கள் கண்டது பழைய சத்திரசிகிச்சை. நாட்கணக்கில் அசையாமல் படுக்கை, பிறகு சோடாப்போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி. கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலில் வைத்தவர் லண்டனில் ஹரல்ட் ரிட்லி, 1949இல். அது எல்லா இடத்துக்கும் வந்துசேரப் பல வருசம் எடுத்தது. இப்போது கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, சில மில்லிமீற்றர் வெட்டினூடாகக் கலங்கிய வில்லையை அகற்றிப் புதியதை வைக்கிறார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அன்றே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. "நல்லா முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்பதும் பழைய கதை. அளவுக்கு மீறி முத்தினால் சத்திரசிகிச்சை கடினமாகும், சிலவேளை கண்ணின் அழுத்தமும் ஏறும்.

பயத்துக்குப் புதுக் காரணமும் இருக்கிறது. 2023இல் நுவரெலியாவில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பார்வை, பிறகு விட்ட சொட்டு மருந்தால் பாதிக்கப்பட்டதாக வந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே கேள்விக்குள்ளானது மருந்தின் தரம். அதற்கு அரசிடம் கணக்குக் கேட்கவேண்டும், அது எங்கட உரிமை. ஆனால் அந்தச் செய்தியைக் காட்டி வீட்டில் ஒருவரை இருட்டில் வைத்திருப்பது நியாயமில்லை. சிகிச்சைக்குப் பிறகு கண் சிவந்தால், நொந்தால், பார்வை குறைந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காமல் உடனே கொண்டு ஓடவேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் ஏன் போகவில்லை? விடிய பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மத்தியானம் வரை காத்திருந்து, முறை வரும் வரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகவேண்டும். முடிந்த பிறகு வாரக்கணக்கில் நேரம் தவறாமல் சொட்டு விடவேண்டும். இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததால்தான் "எனக்கேன் ராசா இனி, நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாகிவிட்டது.

அம்மம்மாமாரின் நிலை இன்னும் மோசம். உலகளவிலேயே வெண்புரையால் பார்வை இழந்தவர்களில் பெண்களே அதிகம். கைப்பழக்கத்தில் சமைத்து, தடவித் தடவி வீடு கூட்டிக்கொண்டிருப்பதால், அவர்களுக்குக் கண் தெரியவில்லை என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை.

லெக்சரைக் கட் பண்ணி ஊர் சுற்ற நேரம் கண்டுபிடிக்கிற நாங்கள் ஒரு கிளினிக் நாளையும் கண்டுபிடிக்கலாம். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரில் இருக்கிற திகதியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வெண்புரையாக இல்லாமல் குளுக்கோமாவாகவும் இருக்கலாம். அதில் போன பார்வை திரும்பாது, அதனால் பிந்தவே கூடாது. எது என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும், வயசு என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டாம்.