கொடி அசைக்கக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூன்று பேருமே என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள். ஒருவன் வங்கியில் இருக்கிறான். இன்னொருவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மூன்றாவது ஆள் பல் டாக்டரம்மா. (ஐந்தாம் வகுப்பில் சாக்பீஸ் தின்ற அதே பிள்ளைதான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.) தை மாதம் நாற்பது பேர் சேர்ந்து புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போகிறார்களாம். பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வுக்காக. திரட்டுகிற நன்கொடையை ஒரு இல்லத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம். "சார், நீங்கதான் கொடி அசைச்சு வைக்கணும்" என்றார்கள்.

சந்தோஷம்தான். ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா? எந்த வழி, எத்தனை நாள், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். மெயின் ரோட்டிலேயே திருமயம், காரைக்குடி, ராமநாதபுரம் வழியாக ஒரே நாள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். பின்னால் வேனில் தண்ணீர் பாட்டில் வரும் என்றார்கள். "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டம்மா பிடித்துக்கொண்டார். "ஆசையா வந்து கேக்குற பிள்ளைககிட்ட இப்படியா பேசுறது?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த மூன்று பேரும் படிப்பார்கள். மற்றவர்களும் படியுங்கள்.

முதலில் ஒன்று. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தியைப் போட்டதும் மச்சான் ஒருவர், "கார்ல வந்து இறங்கி சைக்கிள் ஓட்டுறது பணக்காரப் பொழுதுபோக்கு, இதுல எந்த மரம் பொழைக்கப்போகுது" என்று எழுதினார். நான் அந்தக் கட்சி இல்லை. கூட்டமாகச் சைக்கிளில் போவதற்கு என்ன பலம் உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

1991-92. அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போன காலம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகும் பெண்கள் ஊருக்கு ஊர் போய்வர வேண்டும், பஸ் கிடையாது, யாராவது ஆண் கொண்டுபோய் விட வேண்டும். அப்போதுதான் பெண்கள் சைக்கிள் பழகட்டும் என்ற யோசனை வந்தது. வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழி செய்தார்கள். நான் அப்போது சின்ன வயது இடைநிலை ஆசிரியர். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய ஆட்களில் நானும் ஒருவன். கல் உடைக்கிற பெண்கள், பூப்பறிக்கிற பெண்கள், அங்கன்வாடி அம்மாக்கள் என்று யார் யாரோ வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார்கள், விழுவார்கள், முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பிளை சைக்கிளையே வாங்கினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அது இன்னும் வசதி என்று ஒரு அம்மா எனக்கே விளக்கம் சொன்னார்.

தனியாக ஒரு பெண் சைக்கிளில் போனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் ஏதாவது சொல்வான். பத்துப் பேர் மணி அடித்துக்கொண்டு சேர்ந்து போனால் அவன் வாயை மூடிக்கொண்டு பெஞ்சை நகர்த்திப் போடுவான். கூட்டமாகப் போவதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பத்திரிகையாளர் சாய்நாத் 1996-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் கதையை எழுதி உலகத்துக்கே சொன்னார். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். உங்களில் சிலரின் அம்மாவே அந்தக் கூட்டத்தில் இருந்தவர். இன்றைக்குப் போய்க் கேளுங்கள்.

சைக்கிளில் போகிறவனை யாரும் கைகாட்டி நிறுத்தலாம். கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. "எங்கே தம்பி போறீங்க?" என்று களத்துமேட்டில் இருக்கிற பாட்டி கேட்டால் ஒரு காலை ஊன்றிப் பதில் சொல்லலாம். காரில் போகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் நின்றால்தானே?

சில வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி பெயரும் வேண்டாம், வந்த குழு பெயரும் வேண்டாம். சுற்றுச்சூழல் சைக்கிள் பயணம் வருகிறது என்று பிள்ளைகளைக் காலை ஒன்பது மணியிலிருந்து வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று என்னையும் அழைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், களைத்துப்போய் இருந்தார்கள். பத்து நிமிடம். உறுதிமொழி, செல்ஃபி, நாலு மரக்கன்று. வேன் கதவைத் திறந்து எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மைதானத்தில் சாக்கை வைத்துக்கொண்டு பாட்டில் பொறுக்கினார்கள். பிளாஸ்டிக் ஒழிப்போம் என்று எழுதிய ஃபிளெக்ஸ் பேனர் கேட்டிலேயே தொங்கியது. அது பிளாஸ்டிக் இல்லாமல் வேறென்ன?

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீர் பாட்டில் இல்லை. அதனால் பாட்டில் கொடுத்தது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் சாக்கு பிடித்த அந்த இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியிலிருந்து ஒரு பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது. எத்தனை பெண் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியது என்று எங்களைப் போன்ற வாத்தியார்களைக் கேட்டால் சொல்வோம். இந்தப் பிள்ளையின் சைக்கிள் மூன்று மாதமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கருவேல முள் ஏறி ஏறி டியூபில் ஒட்டுப் போட இடமில்லை, டயரும் கிழிந்துவிட்டது. இரண்டையும் மாற்றக் கூலியோடு 600 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அப்பா கட்டட வேலை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்விட்டது. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ் இல்லை என்பதால் அந்த வகுப்பையே விட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். தெரிந்த அன்றைக்கே சரிசெய்துவிட்டோம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அதே காலனியில் அப்படி இன்னும் ஐந்து சைக்கிள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன்.

நீங்கள் ஓட்டுகிற சைக்கிளின் விலையை அன்றைக்குத் தம்பி சொன்னான். குறை சொல்லவில்லை, உழைத்த காசு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து மெடல் வாங்கியவன் என்பதில் எனக்கும் பெருமை. ஆனால் தினமும் ஏழு கிலோமீட்டர் வேறு வழியில்லாமல் மிதிக்கிற பிள்ளைக்கு யாரும் கொடி அசைப்பதில்லை. உங்கள் பயணம் அவளுக்கு ஏதாவது செய்யட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இல்லத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதியையாவது டயர், டியூப், செயின், பிரேக் கட்டையாக மாற்றுங்கள். அட்டையில் எழுதிய பெரிய காசோலை வேண்டாம். வேனில் பாட்டிலுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் மெக்கானிக்கை ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் மூன்று ஊர், ஊருக்கு மூன்று மணி நேரம். கிழிந்த டயரோடு பிள்ளைகள் வரட்டும். பஞ்சர் ஒட்ட உங்களுக்கும் தெரியுமல்லவா? கையில் சொல்யூஷன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பிளாஸ்டிக் பற்றியும் பேசலாம், கேட்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு நாளில் ராமேஸ்வரம் போய்ச் சேர முடியாது. மூன்று நாள் ஆகட்டுமே. பாம்பன் பாலம் 1988-லிருந்து அங்கேயேதான் நிற்கிறது.

விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் மெயின் ரோட்டில் கிளம்பும் யோசனையையும் விட்டுவிடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் இருபது வருடம் சைக்கிளிலேயே பள்ளிக்கு வந்தவர். ரோட்டை அகலப்படுத்திய மறு வருடம், ஓரத்தில் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. அவர் சைக்கிளைத் திரும்ப வாங்கிவர நான்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மணி மட்டும் உடையாமல் இருந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை. ஊர் ரோடுகள் வழியாகப் போங்கள். போகிற வழியில் எங்கெங்கே சைக்கிளுக்கு ஓரமே இல்லை என்று குறித்து வந்து, மனுவாக எழுதிக் கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.

இத்தனையும் செய்தால்தான் கொடி அசைப்பேன் என்று நிபந்தனை போடவில்லை. வீட்டம்மா படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டார். எப்படியும் வருவேன். ஆனால் காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு. பேனர் வேண்டும் என்றால் பழைய வேட்டி இரண்டு தருகிறேன், அதில் எழுதிக்கொள்ளுங்கள், என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஐந்து சைக்கிளுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறேன். கை பம்பு வீட்டில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் மறுபடி வாருங்கள். டீ உண்டு.