முதல் ஜீப் எங்கே போகிறது?

ஊரில் ஒரு நகைக்கடையில் திருட்டு. கேமராவில் முகம் பதிவாகவில்லை. அன்று இரவு போலீஸ் ஜீப் முதலில் எங்கே போய் நிற்கும் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஊர்க்கோடியில் இருக்கும் குறவர் குடியிருப்புக்கு. இல்லையென்றால் இருளர் தெருவுக்கு. தடயம் கிடைத்ததா, யாராவது பார்த்தார்களா என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் தூக்குவாளியோடு ஒரு பெண் நிற்பாள். புருஷன் உள்ளே இருக்கிறானா இல்லையா என்பதைக்கூட அவளிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு வயது 150-ஐத் தாண்டிவிட்டது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருட்டும் சில சாதிகளுக்குக் குலத்தொழில் என்று வாதாடி, 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளை அரசு கொண்டுவந்தது. 1911-ல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்தார்கள்.

யாரைக் குறிவைத்தார்கள் என்று பார்த்தால் காரணமும் தெரியும். குறவர்கள் மாட்டின் மேல் உப்பு ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்தப் பிழைப்பைப் பறித்தன. பிழைப்புப் போய் அலைந்தவர்களையே சந்தேகப் பேர்வழிகள் என்றது அரசு. பிரமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்துக் கூலி வாங்கியவர்கள். தனக்கென்று போலீஸ் வைத்துக்கொண்ட அரசுக்கு இன்னொரு காவல் இடைஞ்சலாக இருந்தது.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் பெயர் பதிந்து, கைரேகை வைத்து, இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. கல்யாணமான அன்று ராத்திரியும் மாப்பிள்ளை சாவடியில் படுத்த கதையை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் இதன் பெயரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள், காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதி, வழக்காடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று பாசத்தோடு அழைத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் ஒழிந்தது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பெயரில் பல மாநிலங்களில் அதே பார்வை தொடர்ந்தது. ஆட்களின் பெயரைப் பதிந்த பதிவேடு ஒன்று இருந்துவிட்டால், பதிந்த நோக்கம் எதுவானாலும், அதை யாரும் கையில் எடுக்கலாம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காகப் பதிந்த பெயரும் விலாசமும் கொளுத்தப்பட வேண்டிய வீட்டுக்கு வழிகாட்டின. எதற்காகப் பெயர் கேட்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தால் போதாது. நாளை அது யார் கைக்குப் போகும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நாடோடி இனத்தவர் இயல்பிலேயே தப்பி ஓடக்கூடியவர்கள் என்று சொல்லும் சிறை விதி மேற்கு வங்கத்தில் அதுவரை உயிரோடுதான் இருந்தது. ஒருகாலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று போலீஸுக்கும் அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

தீர்ப்பின் நகல் கமிஷனர் அலுவலகத்து ஃபைலில் இருந்து பயனில்லை. ராத்திரி ரோந்து போகும் சப்-இன்ஸ்பெக்டருக்கு அது தெரிய வேண்டும். ஜீப்பில் ஏற்றும் ஒவ்வொருவரின் பெயருக்கு நேரேயும், அவரைச் சந்தேகிக்க என்ன காரணம் என்று எழுத வேண்டும். சாதியும் குடியிருப்பும் காரணமாகாது. அந்தத் தாளின் நகல் ஒன்று, தூக்குவாளியோடு வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் கையில் அன்றைக்கே கிடைக்க வேண்டும்.