பாட்டுக்கு யார் பெயர்?

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 கலைஞர்கள் கோட்டு சூட்டு அணிந்து மேடை ஏறினார்கள். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் பறையும் சட்டியும் கட்டமோளமும் இருந்தன. வடசென்னையின் சாவு வீட்டுப் பந்தலில் வளர்ந்த கானாவும், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் வேர்கொண்ட ராக், ஹிப் ஹாப் இசையும் ஒரே பாட்டில் கலந்தன. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி அது.

குழுவின் பெயருக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்கள்' என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது அது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, நம் மக்கள் தங்களைச் சாதியற்றவர்களாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று குரல் கொடுத்தவர் பண்டிதர். அவர் கணக்கேட்டில் கேட்டதை இந்த இளைஞர்கள் மேடையில் கேட்டார்கள்.

இட ஒதுக்கீடு பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறி பற்றிப் பாடினார்கள். அம்பேத்கரைப் பாடினார்கள். "இது இசையா, பிரச்சாரமா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். சபாக்களில் பாடப்படும் பக்திப் பாட்டுக்குள் ஒரு கொள்கை இருக்கிறது. அதை யாரும் பிரச்சாரம் என்பதில்லை. நம் வாழ்க்கையை நாம் பாடினால் மட்டும் அது பிரச்சாரம் ஆகிவிடுகிறது.

இந்தக் குழு செய்த முதல் வேலை, கலைஞர்களுக்குப் பெயர் கொடுத்தது. கானா பாடுபவரை 'கானா பாடுற பையன்' என்று சொல்லிப் பழகிய ஊரில், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தது. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் துணிந்து நின்ற இசைவாணியை, 2020-ல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். டென்மா திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் மாதத்திலேயே பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டது.

ஆனால், மேடை கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுகிறதா? இசைவாணி சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிப் பாடிய பாட்டு வெளிவந்து ஆண்டுகள் கழிந்த பின், 2024 நவம்பரில் அதைத் தோண்டி எடுத்து அவரைக் கைதுசெய்யச் சொல்லிப் புகார்கள் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். பாட்டு ஒரு குழுவுடையது. குறிவைக்கப்பட்டவரோ ஒரு பெண்.

அறிவுக்கு நேர்ந்தது வேறு வகை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அதை எழுதினார் அறிவு. தீயுடன் சேர்ந்து பாடவும் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். எதிர்ப்பு பெருகிய பிறகே அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. அதன் பிறகு பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் விளக்கங்களைப் பொதுவெளியில் சொன்னார்கள். அந்தக் கணக்கை நாம் தீர்க்க முடியாது. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஊரே முணுமுணுக்கும் பாட்டிலும், அதை எழுதியவர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய நிலை ஏன் வருகிறது?

ராக் இசையின் வரலாறே இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. 'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டை 1952-ல் முதலில் பதிவுசெய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். 1956-ல் அதை எல்விஸ் பிரெஸ்லி பாடினார். உலகம் அதை அவருடைய பாட்டாகவே நினைவில் வைத்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். இசையை ரசிப்பவர்கள் அதைப் பிறப்பித்தவர்களையும் மதிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தால் ஏமாந்துதான் போவோம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். கோயில் திருவிழாவுக்குப் பறை வேண்டும். அடித்தவர் ஓரமாக நின்று சாப்பிட வேண்டும். கல்லூரி விழாவுக்குப் பறையாட்டம் வேண்டும். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர்களின் பெயர் வரிசையாக இருக்கும், ஆசானின் பெயர் இருக்காது. நம் ஆயாக்களின் ஒப்பாரியைக் கைப்பேசியில் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். "கிராமத்துப் பாட்டு" என்று தலைப்பு. அந்தக் கிராமத்தில் யார்? அவருக்குப் பெயர் இல்லையா?

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது. சினிமாவுக்கு எழுதிய பாட்டு, திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. தயாரிப்பாளர் கேட்டாலும் அந்தப் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது, போட்டாலும் செல்லாது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் கலைநிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமை உண்டு. ஆனால், தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த பாட்டுக்கு ஆசிரியர் என்று சட்டம் யாரையும் காண்பதில்லை. நம் சொத்தில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது.

அதனால் படிக்கிற பிள்ளைகளுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. ஆயாவின் பாட்டைப் பதிவுசெய்யும்போது அவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் சொல்லித் தொடங்குங்கள். நீங்கள் ராப் எழுதுகிறீர்களா? நண்பர்களாக இருந்தாலும், யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று பாட்டு வெளிவருவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஊரில் பறை அடிப்பவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மனு எழுதிக் கொடுங்கள்.

கல்லூரிகளுக்கும் விழாக் குழுக்களுக்கும் ஒரு கோரிக்கை. பறைக் குழுவை அழைத்தால், அழைப்பிதழில் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுங்கள். பேசிய கூலியை அன்றே கொடுங்கள். மேடையில் நாற்காலி போடுங்கள்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் நமக்கு ஒரு மேடையைத் திறந்தது. அதில் ஒலிக்கும் பாட்டு யாருடையது என்பதைப் பதிவேட்டில் ஏற்றுவது இனி நம் வேலை.