சேலம் ஜில்லா போர்டைத் தேடுவார் யார்?

ஆத்தூரைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. தேர்தல் நெருங்கினால் குரல் கொஞ்சம் உயரும். தலைவாசலைத் தாண்டியுள்ள ஒரு கிராமத்துக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சேலம் வரை பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், மாவட்டத்தைப் பிரித்தால் கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வரும். வேறு என்ன வரும்? பிரிந்து பிரிந்தே வளர்ந்த சேலம் சமவெளியின் கதையில் அதற்கான பதில் இருக்கிறது.

பழைய சேலம் ஜில்லா சாதாரணமானதல்ல. ஓசூர் மேட்டிலிருந்து மோகனூர்க் காவிரிக்கரை வரை ஒரே கலெக்டர். 1901-இல் அதன் மக்கள்தொகை சுமார் 22 லட்சம். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் அதற்குள் அடக்கம், திருப்பத்தூர் தாலுகாவும்கூட. அந்த நான்கு மாவட்டங்களில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 86 லட்சம் பேர். எனவே, ஜில்லாவை உடைத்தது தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதன் பிறப்பு 1792-இல். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நிலங்களில் வடக்கே பாராமஹாலும், தெற்கே இன்றைய சேலம்-நாமக்கல் சமவெளியான தாலகாட்டும் இருந்தன. திப்பு வீழ்ந்த 1799-இல் ஓசூர்ப் பக்கமான பாலகாட் சேர்ந்தது. சென்னையின் சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ராணுவக்காரர்களையே அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் மன்றோ, மெக்லியோட், கிரஹாம் என மூன்று உதவியாளர்கள். வடக்கு கிரஹாமுக்கு, நடு மன்றோவுக்கு, தெற்குச் சமவெளி மெக்லியோடுக்கு என ஜில்லாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிலத்தை அளந்து, உழுபவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. சில ஆண்டுகளிலேயே மேலிடத்தின் மனம் மாறியது. நிலங்களை ‘மிட்டா’க்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்த பலர் வரி கட்ட முடியாமல் நொடித்துப்போக, மிட்டாக்கள் மறுபடி சர்க்கார் கைக்கே திரும்பின. தப்பிப் பிழைத்தவர்களின் வாரிசுகளை மிட்டாதார் என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜில்லாவின் கோடு முதலில் போடப்பட்டது வரி வாங்குகிறவருக்காக. எந்தக் கச்சேரியிலிருந்து எத்தனை ஊர்க் கணக்கைப் பார்க்க முடியும் என்பதே அளவுகோல். அதனால்தான் கோட்டை நகர்த்துவதும் சுலபமாக இருந்தது. 1910-இல் நாமக்கல் தாலுகாவை எடுத்துத் திருச்சியோடு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு திருப்பத்தூர் வடஆற்காட்டுக்குப் போனது. 1929-இல் நாமக்கல் திரும்பவும் சேலத்துக்கு வந்தது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. மோகனூரில் 1900-இல் பிறந்து நூறு வயது வாழ்ந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலே சேலம், திருச்சி, மறுபடி சேலம், நாமக்கல் என மூன்று முறை முகவரி மாற்றியிருப்பார்.

 

கோட்டை நகர்த்துவது என்றால் பிரிப்பது மட்டும்தானா? வெளியே ஒரு நாட்டைப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஊரகப் பகுதிகளில் நம் மாவட்டத்துக்கு இணையானது ‘லாண்ட்கிரைஸ்’. நாம் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் ஒட்டினார்கள். 1960-களின் இறுதியில் தொடங்கிய சீர்திருத்தத்தில் மேற்கு ஜெர்மனியின் 425 லாண்ட்கிரைஸ்கள் 237 ஆகச் சுருங்கின. 2011-இல் மெக்லன்பர்க்-ஃபோர்போமர்ன் மாநிலத்தில் 12 இருந்த இடத்தில் ஆறே மிஞ்சின. பெயரை இழந்த ஊர்களில் எதிர்ப்பு இல்லாமலில்லை. காணாமல்போன மாவட்டத்தின் எழுத்துகளை வண்டி எண் பலகையில் மறுபடி போட்டுக்கொள்ள 2012-இல் அனுமதி கிடைத்ததும் பலர் தேடிப்போய் வாங்கினார்கள். இது நமக்கும் புரியாத உணர்ச்சி அல்ல. தன் ஊரின் டிஎன் 34 என்று எழுதிய ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டியை ராஜஸ்தானில் பார்க்கிற திருச்செங்கோட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அவர்கள் ஏன் ஒட்டினார்கள்? லாண்ட்கிரைஸ் வெறும் அலுவலகமல்ல. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. சாலை, தொழிற்பள்ளி, குப்பை, மருத்துவமனை என்று பொறுப்புகள் உண்டு. தலைவரான ‘லாண்ட்ராட்’டை இன்று பெரும்பாலான மாநிலங்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறிய மாவட்டம் அந்தச் சுமையைத் தாங்காது என்பது அவர்கள் கணக்கு. நம் மாவட்டத்துக்குத் தாங்க வேண்டிய சுமை இல்லை; எத்தனை துண்டாக்கினாலும் நிற்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சேலத்துக்கும் ஒரு ஜில்லா போர்டு இருந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்த சபை அது. நிலவரியோடு சேர்த்து வாங்கும் ‘செஸ்’ அதன் வருமானம். சாலை போட்டது, ஆஸ்பத்திரியும் சத்திரமும் நடத்தியது, உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. ‘போர்டு ஹைஸ்கூலில் படித்தேன்’ என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. நெடுங்காலம் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே அங்கே ஓட்டு; மிராசுதார்களும் மிட்டாதார்களும் கான்ட்ராக்ட்காரர்களும் ஆட்டிவைத்த இடம். ஆனாலும் ஒரு பாலம் ஏன் கட்டவில்லை என்று ஜில்லா அளவில் கேள்வி கேட்க ஒரு மேசை இருந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டங்கள் பஞ்சாயத்து யூனியன்களைக் கொண்டுவந்தபோது ஜில்லா போர்டுகள் போயின. அந்த இடத்துக்கு வந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்குத் தலைவர் யார்? கலெக்டர். தருமபுரியும் நாமக்கல்லும் பிரிந்ததை மேடை போட்டுக் கொண்டாடினோம். போர்டு போனதற்கு யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பிரிந்த பின் மக்களின் நடமாட்டம் மாறியதா என்றால், பெரிதாக இல்லை. பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம். காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. விசைத்தறிக்காரருக்கு நூல், சந்தை, டாக்டர் எல்லாம் அந்தக் கரையில். திங்கட்கிழமை மனு கொடுக்க மட்டும் எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டர் அளவில் பஸ் பயணம். அடுத்துள்ள குமாரபாளையத்துக்காரர் ஓட்டுப் போடுவது ஈரோடு மக்களவைத் தொகுதிக்கு. சேலம் மாவட்டத்தில் உள்ள சங்ககிரியோ நாமக்கல் தொகுதியில். வெண்ணந்தூர்க்காரருக்கு இன்றும் ‘டவுன்’ என்றால் சேலம்தான். மாவட்டம் பிரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலும் சேலம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியே இரண்டுக்கும் கடன் கொடுத்தது. இரு மாவட்ட ஜவ்வரிசி ஆலைகளின் சரக்கும் சேலத்தின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஏலம் போகிறது. நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013-இல், அதாவது மாவட்டத் தலைநகராகிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு.

நாமக்கல் பிரிந்ததால் பயனில்லை என்பதல்ல என் வாதம். தனி கலெக்டர், தனி எஸ்.பி., தனி அரசு மருத்துவக் கல்லூரி என்று பார்த்தால் பலன் கண்கூடு. ஆனால் இவை எல்லாமே சென்னை கொடுப்பவை. மாவட்டம் தானாக முடிவெடுத்துச் செய்துகொண்டது எது என்று பட்டியல் போட்டால் தாள் நிரம்பாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஊராட்சி மீண்டும் வந்திருக்கிறது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உண்டு. ஆனால், அவரிடம் போனால் ஒரு காரியம் ஆகும் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொந்த வரி கிடையாது. ஊரகத்தையும் நகரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டிய மாவட்டத் திட்டக் குழு கூடுவதே செய்தியாகிற நிலை.

மாவட்டப் பிரிப்பு இந்த அமைப்பையே முடக்கியதும் உண்டு. காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி ஆகியவற்றை உடைத்து ஐந்து புது மாவட்டங்கள் பிறந்ததால், வார்டு எல்லை வரையறை முடியும் வரை அந்த ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கூடாது என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சேலமும் நாமக்கல்லும் அந்த மாதமே வாக்களித்தன. அந்த ஒன்பதும் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. சேலம், நாமக்கல் உள்ளாட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது.

ஆத்தூருக்கு மாவட்டம் கேட்பவர்கள் கோரிக்கையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: மாவட்ட ஊராட்சிக்கு நிலவரி, முத்திரைத்தாள் வருவாயில் இவ்வளவு பங்கு, மாவட்டச் சாலையும் அரசு மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்களும் அதன் பொறுப்பு. மனுவின் இந்தப் பகுதிக்கு எல்லைக்கோடு எதையும் மாற்ற வேண்டியதில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்றைக்கே கேட்கலாம்.