வர்ணம் முதலா, ரப்பர் முதலா?

நம் சங்க ஏட்டுக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். ரப்பரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் ரப்பரைப் போலவே நீண்டது. "படிப்பவர் தூங்கிவிடக் கூடாது" என்ற ஒரே நிபந்தனையோடு இசைந்தார். தூங்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

கொல்கத்தாவில் குளிர்காலம் வந்தால் பழைய மோட்டார் வண்டிகள் வெளியே வரும். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தில்லியிலும் 1968இல் இந்நகரிலும் தொடங்கிய பழைய வண்டி ஊர்வலத்தை நம்மில் பலர் வேடிக்கை பார்த்திருக்கிறோம். பளபளக்கும் வர்ணம் என்ன, மின்னும் குரோமியம் என்ன! படம் எடுக்காத கை இல்லை. ஆனால் அவ்வண்டிகளுள் ஒன்றன் கீழே குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? நான் பார்த்தேன். அதனால் எனக்கு ஒரு கருத்து ஏற்பட்டது; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியைப் புதுப்பிப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது அதன் உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கிடக்கும் ரப்பரில். கடைசியாகக் கைவைக்க வேண்டியது வர்ணத்தில். நான் கண்டதோ தலைகீழ்.

கண்ட கதை இது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் என் மாமா ஒரு வணிகரிடம் கணக்கெழுதுகிறார். அவ்வணிகரிடம் 1948ஆம் ஆண்டுச் செவர்லே பேனல் வேன் ஒன்று உண்டு. பக்கங்களில் சன்னல் இல்லாமல் பெட்டிபோல் அடைத்த சரக்கு வண்டி. ரொட்டியும் துணியும் மருந்தும் கடைகடையாக இறக்கிய இனம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. செவர்லே என்னும் பெயர் நம் தாத்தாமாருக்குப் பழக்கமானது அவ்வழியேதான். வண்டியைப் புதுப்பிக்க முனைந்த வணிகர், ரப்பர் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஆளனுப்பினார். "போய்ப் பாருடே, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே கிடக்க?" என்றார் மாமா.

பட்டறை மல்லிக் பஜார்ச் சந்து ஒன்றில் இருக்கிறது. பழைய வண்டி உறுப்புகளுக்குப் பேர்போன இடம் அது. அங்கே ஒரு முதிய மிஸ்திரி. எல்லோரும் அவரை உஸ்தாத் என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னைப் பேட்டா என்றார். நான் செய்த காரியத்துக்குப் பிறகும் பேட்டா என்றே அழைக்கிறார். அக்காரியம் என்னவென்று சொல்வதற்குமுன், ரப்பரின் வேலையைச் சொல்ல வேண்டும்.

அக்காலத்துச் சரக்கு வண்டியில் சட்டம் வேறு, உடல் வேறு. எஞ்சினும் அச்சும் வில்லும் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அச்சட்டத்தின்மேல் உடலை அப்படியே வைத்து முடுக்கினால் என்னாகும்? சாலையின் ஒவ்வொரு குழிக்கும் சட்டம் முறுகும், அதனோடு சேர்ந்து உடலின் தகடும் முறுகும், நாளடைவில் கிழியும். ஆகவே போல்ட்டு இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் மெத்தை வைத்தார்கள். இதுவே பாடி மவுண்ட். பட்டறை மொழியில் பாடி ரப்பர். (உத்தரபாராவில் 2014 வரை உருவான நம் அம்பாஸடருக்கு இத்தொல்லை இல்லை. அதற்கு உடலே சட்டம்.)

பேனல் வேனில் இது இன்னும் கடுமையான வேலை. பிக்கப் வண்டியில் ஓட்டுநர் அறை தனி, பின்னால் சரக்குத் தொட்டி தனி. சட்டம் முறுகும்போது இரண்டும் தனித்தனியே அசைந்து கொடுக்கும். பேனல் வேனில் முன்கண்ணாடி முதல் பின்கதவு வரை ஒரே நீண்ட பெட்டி. முறுக்கம் முழுவதையும் அந்த ரப்பர்கள்தாம் விழுங்க வேண்டும். அவை விழுங்க மறுத்தால் பின்கதவு மூடாது, முன்கண்ணாடி பிழைக்காது.

இனி என் காரியம். வண்டியின் கீழே படுத்து மெத்தைகளைப் பார்த்தேன். முன்புறம் இடப்பக்கத்து இரண்டு, எஞ்சின் எண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிப்போய்ப் பிதுங்கி நின்றன. பின்புறம் வலக்கோடியில் ஒன்று பொடியாக உதிர்ந்தது. மற்றவை கருப்பாக, கெட்டியாக, முழுதாக இருந்தன. வணிகர் செலவைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் படித்தவன் அல்லவா? "கெட்ட மூன்றை மட்டும் மாற்றினால் போதும்" என்றேன். உஸ்தாத் தலையை அசைத்தார். "மாற்றினால் எல்லாவற்றையும் மாற்று, இல்லையேல் தொடாதே" என்றார். காரணம் கேட்டேன், அவரால் என் மொழியில் சொல்ல இயலவில்லை. வணிகர் என் பக்கம் சாய்ந்தார். மூன்றை மாற்றினோம்.

மறுவாரம் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டது வண்டி. டிராம் தண்டவாளம் ஒன்றைக் குறுக்கே கடந்தது. படார் என்றது. இரண்டு துண்டாக அமைந்த முன்கண்ணாடியில் வலப்பக்கத்துத் துண்டு மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் கண்டது.

அன்றிரவு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் என் மடமை எனக்கே புலப்பட்டது. பழைய ரப்பர் ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. புதியதோ முழு உயரம். முன்னால் இடமூலையையும் பின்னால் வலமூலையையும் உயர்த்திவிட்டு மற்ற இரு மூலைகளைத் தாழ்வாகவே விட்டிருக்கிறேன். ஒரு பெட்டியை முறுக்க வேண்டுமானால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது! கால் ஒன்று நெட்டையான மேசை ஆடுவதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். முதுகலை மாணவனுக்குத் தோன்றவில்லை.

கண்ணாடித் தொகையை வணிகர் உஸ்தாதின் கூலியில் பிடித்துக்கொண்டார். தவறு என்னுடையது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சமதளக் கண்ணாடியாதலால் உள்ளூரிலேயே வெட்டி வாங்க முடிந்தது. இல்லையேல் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும். என் உதவித்தொகையிலிருந்து பணம் கொடுக்கப் போனேன். உஸ்தாத் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "மீதிக்கு வேலை செய்" என்றார். அதனால்தான் ஞாயிறுதோறும் என் சட்டையில் கிரீஸ். விடுதி நண்பர்கள் வேறு காரணங்கள் கற்பித்தது வீண்.

"கருப்பாக, கெட்டியாக, முழுதாக" என்றேனே, அதுதான் ரப்பர் செய்யும் மாயம். இறந்த பிறகும் அது முழுதாகத் தோன்றும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகம் இடையிடையே பாலமிட்டுப் பிணைக்கிறது. அளவான பாலங்கள் இருக்கும்வரை இழுத்தால் நீளும், விட்டால் மீளும். காலம் செல்லச் செல்ல உயிர்வளி நுழைந்து சில இழைகளை அறுக்கிறது. வேறு சிலவற்றைப் புதிதாகப் பிணைக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட பகுதியில் வெடிப்பு உண்டாக்குகிறது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் வலுவிழக்கிறது. நசுங்கியபடியே ஆண்டுகள் கிடந்தது, சுமையை எடுத்த பின்னும் எழுவதில்லை. "நல்லவை" என்று நான் விட்டுவைத்தவற்றைப் பின்னர்க் கடின அளவியால் குத்திப் பார்த்தேன். 60ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் 85ஐத் தாண்டியது. அது ரப்பர் அன்று, கருங்கட்டை.

இன்னொன்றும் செய்தேன். பழைய துண்டு ஒன்றைச் சூடாக்கிச் சிதைத்து, கிடைத்த நீர்மத்தை அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தேன். இயற்கை ரப்பர். அதைக் கண்டதும் சற்றுநேரம் கருவியின் முன் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாயின. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் தமிழ் மக்கள். என் தந்தையும் குமரி மாவட்டத்தில் பால் வெட்டுபவர். விடியுமுன் போக வேண்டும். வெயில் ஏறினால் மரம் பால் சுரப்பது குறையும். சிரட்டையில் சேர்ந்த பாலை அமிலமிட்டு உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகை நாற்றம் எனக்குத் தாய்ப்பால் மணம்போல. அதை இந்தக் கொல்கத்தாச் சந்தில், ஓர் அமெரிக்க வண்டியின் வயிற்றுக்கடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போலும்!

சரி, பொருளுக்கு வருவோம். மூன்று வகை எதிர்ப்புகள் எனக்கு வந்தன. முதலாவது வணிகருடையது: "எல்லாவற்றையும் மாற்றினால் வண்டியின் அசல்தன்மை போய்விடுமே!" இது வெறும் பற்று மட்டும் அன்று. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், முதல் வடிவிலேயே பேணப்பட்டுப் பெருமாற்றத்துக்கு உட்படாதிருந்தால், விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு பெறலாம். தனி எண் வரிசை. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆகவே உரிமையாளர்க்கு அச்சம். ஆயினும் கேட்கிறேன்: டயரை மாற்றினால் அசல் போகுமா? எஞ்சின் எண்ணெயை மாற்றினால் போகுமா? தேய்வதற்கென்றே வைத்த பொருளைத் தேய்ந்தபின் மாற்றுவது பெருமாற்றம் ஆகாது. மாறாக, செத்த ரப்பரைக் காப்பாற்றப்போய் 1948ஆம் ஆண்டுத் தகட்டைக் கிழியவிடுவதுதான் அசலை அழிப்பது. தகடு ஒருமுறைதான் அசல். ரப்பரை எத்தனை முறை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னது: லாரி டயரை வெட்டி வை. மலிவுதான். டயருக்குள் நூலும் கம்பியும் அடுக்கு அடுக்காக உண்டு. வெட்டிய விளிம்பில் மழைநீர் ஏறி அடுக்குப் பிரியும், கம்பி துருப்பிடிக்கும். கனமும் துண்டுக்குத் துண்டு மாறும். கனம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடி எனக்குக் கற்பித்துவிட்டது.

மூன்றாவது என் ஆய்வுக்கூட நண்பனுடைய யோசனை. பாலியூரிதேன்! எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும். உண்மையே. ஆனால் வண்டி மெத்தையாக விற்பவை பெரும்பாலும் கடினமானவை. அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாகக் கடத்தும். அதில் எஸ்டர் வகை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீரால் சிதையும். கொல்கத்தாவின் ஆடி ஆவணியை அறிந்தவர் அதை இங்கே வைக்கத் தயங்குவார். இந்த வண்டி எந்த மென்மைக்கென அமைக்கப்பட்டதோ அந்த மென்மையே அதற்கு வேண்டும். ஆகவே இயற்கை ரப்பர்தான் என்றேன். இம்முறை உஸ்தாத் என் பக்கம்.

ஹவுராவில் ஒரு சிறு பட்டறையில் அச்சு செய்து எல்லாவற்றையும் ஒரே கலவையில் வார்த்தோம். அளவு முக்கியம். ரப்பரை அழுத்தினால் அதன் பருமன் குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாமல் அகலமாக வெட்டினால் அதே ரப்பர் கல்லாகும். போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புக் குழல் உண்டு. முடுக்கும்போது வாஷர் அக்குழலில் முட்டி நிற்க வேண்டும். குழலைத் தொலைத்துவிட்டு இறுக்கினால் மெத்தை அன்றே செத்தது. துருவேறிய போல்ட்டுகளோடு பட்ட பாட்டை எழுதினால் ஏடு போதாது. உடலைத் தூக்குமுன் ஸ்டியரிங் தண்டு, பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் கம்பி மூன்றையும் தளர்த்த வேண்டும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். பிறகு எர்த் கம்பி. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. உடலையும் சட்டத்தையும் ஒரு தடித்த கம்பியால் இணைக்காவிட்டால் விளக்கு மங்கும். இது 6 வோல்ட் வண்டி. சிறு தடையும் பெரிதாகத் தெரியும். முதல் நாள் அதை மறந்தவன் யார் என்று கேட்காதீர்கள்.

என் மனக்குறை ஒன்று பாக்கி. வணிகர் வர்ணக்காரருக்குப் பேரம் பேசாமல் முன்பணம் கொடுத்துவிட்டார். வண்டிக்கடியில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தவரின் கூலியை ரூபாய் ரூபாயாகக் குறைக்கிறார். வர்ணம் தெரிகிறது, ரப்பர் தெரியவில்லை என்பது தவிர இதற்கு வேறு நியாயம் உண்டா? பழைய வண்டிகளுக்குப் பரிசு வழங்குவோர் வண்டியைத் தூக்கிக் கீழேயும் பார்த்து மதிப்பெண் இட வேண்டும் என்பது என் கோரிக்கை. அப்படிச் செய்தால் பணம் தானாகக் கீழே இறங்கும். இதை வணிகரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பின்புறத்தில் நான்கு போல்ட்டுகள் இன்னும் கழலவில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். கைகொடுக்க விரும்பும் நண்பர்கள் விடுதியில் என்னைக் காணலாம். பழைய சட்டை அணிந்து வருக. கை கழுவச் சோப்பு அவரவர் கொண்டுவர வேண்டும். தேநீர் உஸ்தாதின் செலவு என்று அவரே சொல்லிவிட்டார். அதை மட்டும் நாம் ஏற்கக் கூடாது.