பெஞ்சில் இருந்தவர் தொடங்கிய கணக்கு

1970 செப்டம்பர் 26. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர் திரண்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் இறுதிப் போட்டி. பாதி ஆட்டம் முடிந்தபோது கார்ல்டன் அணி காலிங்வுட்டைவிட 44 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ரான் பராசி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸைக் களத்தில் இறக்கினார். ஹாப்கின்ஸ் நான்கு கோல் அடித்தார். கார்ல்டன் 10 புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை வாங்கியது. இந்தக் கதை அந்த நாட்டில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். அதே ஹாப்கின்ஸ் 1990-களின் நடுவில் சாம்பியன் டேட்டா என்ற புள்ளிவிவர நிறுவனத்தைத் தொடங்கியது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இன்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் (ஏஎஃப்எல்) நிஜ ஆட்டக்காரர்களை வைத்து, சூப்பர்கோச், ஏஎஃப்எல் ஃபேன்டஸி என்று வீட்டிலிருந்தே கற்பனை அணி கட்டிப் புள்ளி சேர்க்கிறவர்கள் நம்பியிருப்பது அந்த நிறுவனம் எண்ணித் தரும் கணக்கைத்தான்.

அணி கட்டுகிறவர்கள் வாராவாரம் இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். இவர் களத்தில் என்ன வேலை செய்யப்போகிறார்? இவர் உடம்பு பருவம் முழுக்கத் தாங்குமா? முதலாவதைப் போன வருடச் சராசரியை வைத்தும் இரண்டாவதை அதிர்ஷ்டத்தை வைத்தும் முடிவு செய்வதே பெரும்பாலானோர் வழக்கம். இரண்டையும் பிரிப்பதே தவறு என்பேன். ஒருவருக்குப் புள்ளி தேடித்தரும் வேலைதான் அவர் உடம்பில் எந்த இடம் தேயும் என்பதையும் தீர்மானிக்கிறது. அந்த வேலையை உருவாக்குவது விதிப்புத்தகம். விதியோ ஓயாமல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஏஎஃப்எல் ஃபேன்டஸியில் ஓர் உதைக்கு 3 புள்ளி, பந்தை முஷ்டியால் தட்டிக் கொடுக்கும் கைத்தட்டுக்கு 2, உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடிக்கும் மார்க்குக்கு 3, எதிராளியைப் பிடித்து மடக்கும் டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6. எதிரணியின் பெரிய கோல் வேட்டைக்காரரை நாள் முழுக்க நிழல்போல ஒட்டிக்கொண்டு, வரும் பந்தையெல்லாம் முஷ்டியால் குத்தித் தள்ளும் கடைக்காவல்காரருக்கு அந்தக் குத்துகளுக்காக ஒரு புள்ளியும் கிடையாது. ஆட்டத்தையே காப்பாற்றியிருப்பார், ஆனால் பட்டியலில் அடியில் கிடப்பார். பந்து மொய்க்கும் இடத்தில் நிற்கும் மிட்ஃபீல்டருக்குப் புள்ளி கொட்டும். ஆகவே ஆளைவிட ஆள் நிற்கும் இடம் முக்கியம். அடிலெய்டின் ரோரி லேர்ட் 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் தற்காப்பு ஆட்டக்காரராக, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணிக்குத் தேர்வானவர். பிறகு அவரை நடுக்களத்துக்கு மாற்றினார்கள். டேக்கிளும் கைத்தட்டும் குவிந்தன. ஆனால் டேக்கிள் என்பது மோதல். நான்கு புள்ளி ஏறும் ஒவ்வொரு முறையும் தோளும் விலாவும் அதற்குக் கூலி கொடுக்கின்றன.

விதி மாறினால் வேலையும் உடம்பின் தேய்மானமும் மாறுவதைப் பெஞ்சின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டும். 1930-ல் மாற்று ஆளாகப் பத்தொன்பதாவது ஆள் வந்தார், 1946-ல் இருபதாவது. ஒருவரை வெளியே எடுத்தால் அவர் திரும்ப இறங்க முடியாது. அந்தக் காலத்து மாற்று ஆட்டக்காரர்தான் ஹாப்கின்ஸ். 1978-ல் இன்டர்சேஞ்ச் வந்தபின் போனவரும் திரும்பலாம் என்றாயிற்று. பெஞ்ச் மூச்சு வாங்கும் இடமாக மாறியது, ஆட்டம் வேகமெடுத்தது. வேகத்தை அடக்க 2014-ல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 120 மாற்றங்கள் என்று வரம்பு வைத்தார்கள். 2016-ல் 90, 2021-ல் 75 என்று அது இறங்கியது. பெஞ்சுக்குப் போக வழி குறைந்ததும் மிட்ஃபீல்டர்கள் முன்களத்தில் நின்று இளைப்பாறத் தொடங்கினார்கள். ஃபேன்டஸிக்காரர்கள் விரும்பித் தேடும் இரட்டை இட ஆட்டக்காரர்களில் பலர் இப்படி உருவானவர்கள். காயமும் இந்த மாற்றங்களோடு சேர்ந்ததுதான். அடிக்கடி மாற்றப்படுகிறவருக்குத் தொடையின் பின்தசை, அதாவது ஹேம்ஸ்ட்ரிங், கிழியும் ஆபத்து குறைவு. எதிரணி அதிகம் மாற்றினால் நம் ஆளுக்கு ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் சக ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். 1992 முதல் ஆண்டுதோறும் எடுக்கப்படும் காயக் கணக்கெடுப்பு இந்த லீக்கின் பெருமைகளில் ஒன்று. கோப்பைகளுக்குச் சமமாக அதை மதிக்கிறேன்.

ரக் வேலை செய்கிறவர்களின் கதை தனி. நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது (2025 வரை மைதான நடுவில் தரையில் அடித்து எழுப்புவார்) இரு தரப்பு நெட்டையர்களும் எகிறித் தட்டுவார்கள். ஒரு காலத்தில் எங்கிருந்தோ ஓடிவந்து எகிறுவார்கள். ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலின்கீழ் மோதும். பிசிஎல் எனப்படும் பின்புறத் தசைநார் கிழிவது இந்த வேலைக்கே உரிய காயமாக இருந்தது. 2005-ல் மைய வட்டத்தைச் சுற்றி 10 மீட்டர் விட்டத்தில் இன்னொரு வட்டம் போட்டு ஓட்டத்தைக் குறைத்தார்கள். காயம் குறைந்தது. சுண்ணாம்பால் போட்ட ஒரு கோடு எத்தனையோ முழங்கால்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் முற்றிலும் ஒழியவில்லை. 2022 அன்சாக் நாள் ஆட்டத்தில் காலிங்வுட்டின் பிராடி கிரண்டிக்கு அதே தசைநார்தான் போனது. ஃபேன்டஸி அணியில் களமிறங்கும் 22 பேரில் ரக்குக்கு இரண்டே இடம். கிரண்டி போன்ற ஒருவர் விழுந்தால் ஆயிரக்கணக்கான அணிகள் ஒரே மாலையில் ஆட்டம் காணும்.

சில காயங்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது. ஹாதார்னின் டாம் மிட்செல் 2018-ல் ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தைக் கையாண்டு சாதனை படைத்தார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் பிரவுன்லோ பதக்கமும் அவருக்கே. 2019 ஜனவரியில் பயிற்சியின்போது கால் முறிந்தது. அந்தப் பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. ஹேம்ஸ்ட்ரிங் அப்படியல்ல. ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். முறிந்த எலும்பையும் கிழிந்த தசையையும் ஒரே தட்டில் வைத்து ‘எப்போதும் காயம்படுகிறவர்’ என்று முத்திரை குத்துவது அநியாயம். கணக்காகப் பார்த்தாலும் அது பிழை.

தலைக்காயத்தில்தான் என் மனம் நிலைகொள்வதில்லை. கைத்தட்டை ஒரு தாக்குதல் ஆயுதமாகவே மாற்றிக்காட்டிய ரக்மேன் கிரஹாம் ‘பாலி’ ஃபார்மர் 2019-ல் இறந்தார். அவர் மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது அடுத்த ஆண்டு தெரியவந்தது. இந்த ஆட்டத்தில் அப்படி உறுதிசெய்யப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர். 2021 முதல் தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் குறைந்தது 12 நாள் கழித்தே திரும்பலாம் என்று விதி வந்தது. ஃபேன்டஸிக்காரர்கள் அதை ‘ஒரு வாரம் போச்சு’ என்று குறித்துக்கொண்டார்கள். 2021-ல் கோப்பை வென்ற மெல்போர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா, 2023 செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். 2024 பிப்ரவரியில், 28 வயதில், ஆட்டத்தை விட்டே விலகினார். ஸ்கேனில் தெரிந்த நுண்ணிய மாற்றங்களே காரணம்.

ஆகவே ஒருவருக்கு மூளை அதிர்ச்சி என்று காயப் பட்டியலில் வந்தால் நாள் எண்ண வேண்டாம். அவரை விற்றுவிடுங்கள், அல்லது பொறுமையாக வைத்திருங்கள். அவர் திரும்பத் தாமதமானால் சமூக ஊடகத்தில் போய் அவரைத் திட்டாதீர்கள். சூப்பர்கோச்சில் ஒரு பருவத்தில் ஆட்டக்காரர்களை விற்று வாங்கும் மாற்றங்களுக்கு வரம்பு உண்டு. அவற்றில் சிலவற்றை ஆகஸ்ட் வரை செலவழிக்காமல் வைத்திருப்பவருக்கு, நலமடையாத ஒருவரைக் களத்துக்கு வா என்று அவசரப்படுத்தத் தேவையே வராது.